மதிப்பெண்ணும் மதிப்பும்

“என்ன படிக்கிறாய்?” என்று கேட்பவர் பலர். “எவ்வளவு மதிப்பெண்?” என்று கேட்பவர் அவரினும் பலர். “எதற்காகப் படிக்கிறாய்?” என்று கேட்பவரோ மிகச் சிலர். மேல்நிலைப் பள்ளியை முடித்து வெளியே வரும் மாணவனை இந்த மூன்றாவது கேள்வி பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் மாணவர்களை வழிநடத்தும் பணியில் நாம் கைவிட்டுவிட்ட கேள்வி இதுதான். அதனை மீண்டும் கேட்கத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளே என்பது என் கருத்து.

நாமக்கல் வட்டாரத்தைப் பற்றி வெளியூரார் பேசினால் மூன்று பொருள்களைச் சொல்வார்கள்: முட்டை, லாரி, மதிப்பெண். முதல் இரண்டும் நம் மக்களின் உழைப்புக்குக் கிடைத்த புகழ். மூன்றாவது, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளால் வந்த புகழ். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தனர். 1984-ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007-இல் முற்றிலும் நீங்கிய பிறகு, பொறியியல் சேர்க்கைக்கு மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 200-க்கு எவ்வளவு என்று கணக்கிடுவதே ‘கட்-ஆஃப்’. பதினேழு வயது வரை வாழ்ந்த வாழ்க்கை ஓர் எண்ணாகச் சுருங்குகிறது. எண் வந்தவுடன் வழியும் தானே வகுக்கப்பட்டுவிடுகிறது. இந்த எண்ணுக்கு இந்தக் கல்லூரி, அந்த எண்ணுக்கு அந்தப் பிரிவு, அதற்கும் கீழே வந்தால் பி.எஸ்ஸி.!

மதிப்பெண்ணை நான் பழிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பெரிய காவல். சிபாரிசுக் கடிதம் கொண்டுவர முடியாதவனும், நன்கொடை கொடுக்க இயலாதவனும் மதிப்பெண்ணைக் கொண்டுதான் வாயிலைத் திறக்கிறார்கள். ஆனால், எந்த வாயில் திறக்கும் என்று சொல்வதோடு மதிப்பெண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. திறந்த வாயில்களுள் எதனுள் நுழைய வேண்டும் என்று அது சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியது அவரவர் மனத்தில் உள்ள மதிப்பு. இங்கு மதிப்பு என்று நான் குறிப்பது, ஒருவன் எதனை உயர்வாகக் கருதுகிறான், எதனைக் கண்டால் அவனால் வாளா இருக்க முடியவில்லை என்பதையே. நீர் வீணாவதைக் கண்டால் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. நோயாளி மருந்தின்றித் துன்புறுவதைக் கண்டால் இன்னொருவனுக்குப் பொறுக்கவில்லை. தவறான கணக்கை அப்படியே விட்டுச் செல்ல வேறொருவனுக்கு மனமில்லை. இம்மூவரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கலாம். ஆனால் மூவரும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டியவர்கள் அல்லர்.

இதனை யாரும் கேட்காததால் விளையும் தீமை இரண்டு வகை. மதிப்பெண் மிகுதியாகப் பெற்றவன், ஊரார் போற்றும் பிரிவில் சேர்ந்து, தனக்குப் பற்றில்லாத பாடத்தோடு நான்கு ஆண்டுகள் போராடுகிறான். மதிப்பெண் குறைந்தவன் நம் கல்லூரிக்கு வந்து, ‘எனக்குக் கிடைக்காமல் போயிற்று’ என்ற எண்ணத்தோடு மூன்றாண்டுகளைக் கழிக்கிறான். நம் வகுப்பறைகளில் ஓசையின்றி உலவும் பெரிய நோய் இந்த இரண்டாவது எண்ணமே. இயற்பியல் படிப்பவன் இயற்பியலைப் படிக்கவில்லை. தனக்குக் கிடைக்காத பொறியியலை எண்ணி ஏங்கிக்கொண்டிருக்கிறான்.

கலைக் கல்லூரி சறுக்கு மரம் அன்று

இந்த ஏக்கத்திற்கு வரலாற்றில் இடமில்லை. சென்னை மாநிலக் கல்லூரி ஓர் அரசு கலைக் கல்லூரிதான். சர் சி.வி. இராமன் அங்கே படித்தவர், எஸ். சந்திரசேகரும் அங்கே படித்தவர். முன்னவர் 1930-லும் பின்னவர் 1983-லும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இராமனின் வாழ்க்கையில் நம் பொருளுக்கு இயைந்த செய்தி ஒன்று உண்டு. 1907-இல் அவர் இந்திய அரசின் நிதித்துறையில் உயர்ந்த பதவி பெற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் அலுவலகக் கணக்கு; காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, ஊதியம் குறைவு என்று தெரிந்தே நிதித்துறையை விட்டு அதனை ஏற்றார். 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அந்த நாளையே தேசிய அறிவியல் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். கொண்டாடுவோர், 1917-இல் அவர் செய்த முடிவையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அறிவியல் பட்டதாரிகளைப் பொறியியலுக்கு அழைத்துச் சென்ற ஒரு நிறுவனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சி. இராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை, அதாவது எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆன காலம் அது. விமானவியல், தானூர்தியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய புதிய துறைகளை அந்நிறுவனம் கற்பித்தது. பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பொறியாளராக்கியது. ‘எந்தப் பாடத்துக்குச் சந்தையில் விலை மிகுதி?’ என்று பார்த்து அமைத்த பாடங்கள் அல்ல இவை. ‘நாட்டுக்கு எது இல்லை?’ என்று பார்த்து அமைத்தவை.

இந்த வாயில் வழியே நுழைந்தவர்தாம் அப்துல் கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பிறகே எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார். சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய தமக்கை தம் நகைகளை அடகு வைத்தார். பின்னாளில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக விளங்கிய கே. சிவன் அவர்களும் இவ்வழியே வந்தவர்தாம். குமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், பொறியியலில் உடனே சேர வசதியில்லாமல் நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தார், பின்னரே எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். கலைக் கல்லூரி அவரை வீழ்த்திய சறுக்கு மரம் அன்று, ஏற்றிவிட்ட படி.

எம்.எஸ். சுவாமிநாதனின் செய்தி வேறு வகை. கும்பகோணத்தில் 1925-இல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவரும் மருத்துவராவார் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அச்செய்தி அவர் மனத்தை மாற்றியது; வேளாண்மை படிக்கக் கோவைக்குச் சென்றார். பின்னர் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும், மரபியல் ஆராய்ச்சியையே தேர்ந்துகொண்டார். உரத்தையும் மருந்தையும் நீரையும் அளவின்றிப் பயன்படுத்தினால் நிலம் கெடும் என்று 1968-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தவரும் அவரே. மதிப்பு என்பது பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. தம் வெற்றியையே ஐயத்தோடு நோக்கும் துணிவையும் அது தருகிறது.

நம் மாணவியருக்கு ஜானகி அம்மாளை நினைவூட்ட விரும்புகிறேன். தலச்சேரியில் 1897-இல் பிறந்து சென்னையில் தாவரவியல் பயின்ற அவர், அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றார். 1930-களில் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து கலப்பினங்களை உருவாக்கினார். மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டியைக் காணும்போது, இந்தப் பயிருக்காக ஆய்வுக்கூடத்தில் கண் விழித்த ஒரு பெண்மணியை நாம் நினைக்கலாம். அதே அம்மையார் எண்பது வயதை ஒட்டிய காலத்தில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். செடியை அறிந்தவர் காட்டைக் காக்கவும் முன்வந்தார். அறிவும் மதிப்பும் இணைந்து நடந்த வாழ்க்கை அது.

காவிரிக் கரையில் உள்ள கேள்விகள்

‘இவர்களெல்லாம் பெரியவர்கள், பரமத்தி வேலூரில் வாழும் நமக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் கேட்கலாம். நம் ஊரையே பார்ப்போம். ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து வரும் ராஜா வாய்க்கால் நம் வாழையையும் கொடிக்காலையும் நெடுங்காலமாக வாழவைத்துக்கொண்டிருக்கிறது. அதனை வெட்டுவித்தவர் என்று அல்லாள இளைய நாயக்கரை நம் மக்கள் போற்றுகின்றனர். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆற்று நீரை மேட்டிலிருந்து தாழ்வுக்கு அளவாக இறக்கி, மேடான நிலத்துக்கும் பாயச் செய்தவர்கள் பொறியாளர் அல்லாமல் வேறு யார்? பட்டம் இல்லை, நோக்கம் இருந்தது. கடைமடைக்கும் நீர் போக வேண்டும் என்ற எண்ணமே அந்த வாய்க்காலின் வாட்டத்தை வகுத்தது.

பாலத்தைக் கடந்து அக்கரைக்குச் சென்றால் புகளூர்க் காகித ஆலை. தமிழக அரசு 1979-இல் தோற்றுவித்த நிறுவனம். 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கரும்புச் சக்கையை முதன்மைப் பொருளாகக் கொண்டு காகிதம் செய்வதே அதன் குறிக்கோள். சக்கையைச் சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்தன. அதனைக் கேட்டுப் பெற வேண்டுமானால் அவர்களுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்ய வேண்டும். சக்கையில் உள்ள சோற்றை நீக்க வேண்டும். ஆலை அரைக்கும் பருவத்தில் கிடைப்பதை ஆண்டு முழுவதற்கும் கெடாமல் நனைத்துக் குவித்துவைக்க வேண்டும். இத்தனை தொல்லைகளையும் மேற்கொண்டது எதற்காக? காடுகளை வெட்டும் அளவு குறைய வேண்டும் என்பதற்காக. மரக்கூழை முற்றிலும் தவிர்த்துவிட முடியவில்லை. ஆலைக்குக் காவிரி நீர் ஏராளமாகத் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு மதிப்பு பொறியியல் சிக்கலாக மாறி, அச்சிக்கல் தொழிற்சாலையாக எழுந்ததற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டுமா? வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும் காண வேண்டிய இடம் இது.

மதிப்பை மறந்த பொறியியலுக்கும் சான்று நம் அருகிலேயே உண்டு. நம் ஊருக்குச் சற்று மேற்கே நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் அந்த ஆற்றில் ஓடியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. பயிருக்கு நீர் வேண்டிய உழவரே, அந்த நீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை வந்தது. சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி, உப்பையும் மீட்டெடுக்கும் முறை அது. துணிக்கு நிறம் ஏற்றியதும் வேதியியல். நீரிலிருந்து அந்த நிறத்தை இறக்கியதும் வேதியியல். இரண்டாவது வேதியியலை முதலிலேயே கேட்டிருந்தால் எத்தனை வயல்கள் தப்பியிருக்கும்!

இன்னும் விடை காணாத கேள்விகளும் நம் முன்னே உள்ளன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நம் தொழிலாளரின் திறமைக்கு அது பெருமை. ஆனால், துளை ஆயிரம் அடியைத் தாண்டும்போது நிலத்தடி நீரை அளந்து கணக்கு வைப்பவர் யார்? நாமக்கல் பட்டறைகளில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். இரவும் பகலும் வண்டி ஓட்டும் ஓட்டுநரின் முதுகையும், இஞ்சின் சூட்டையும் எண்ணி இருக்கையை வடிவமைப்பவர் யார்? கோழித் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு சேராமல் காப்பவர் யார்? கொடிக்காலில் வாடல் நோய் வந்தால் ஒரே பருவத்தில் குடும்பத்தின் முதல் அழிகிறதே, மண்ணில் வாழும் அந்தப் பூசணத்தை வெல்லப்போகிறவர் யார்? நுண்ணுயிரியலும் புள்ளியியலும் இயற்பியலும் நிலவியலும் இந்தக் கேள்விகளுக்குள்ளேதான் இருக்கின்றன. நாம் அவற்றைப் பாடப்புத்தகத்தில் மட்டும் தேடுகிறோம்.

வயிறு ஒரு தடையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘கொள்கை பேசுவது வசதியுள்ளவனுக்குச் சரி. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தந்தைக்கு மகன் மாதம்தோறும் பணம் அனுப்ப வேண்டாவா?’ இம்மறுப்பு நியாயமானது, ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தைத் தாங்குவதும் ஓர் உயர்ந்த மதிப்பே. தங்கையின் படிப்புக்காக விரைவில் வேலைக்குப் போக நினைப்பவனை யாரும் தாழ்வாக எண்ணக் கூடாது. இராமனும் பத்தாண்டுகள் நிதித்துறையில் சம்பாதித்தவர்தாம்.

ஆனால், வருமானமும் மதிப்பும் எப்போதும் பகையல்ல. ஒரே ஊதியம் தரும் இரண்டு வேலைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு. தன் மனத்துக்கு உகந்ததைச் செய்பவன் இடையில் சோர்ந்து விலகுவது அரிது; ஊரார் சொல்லியதற்காகச் சேர்ந்தவனே பெரும்பாலும் பாதியில் திகைத்து நிற்கிறான். எனவே எதற்காகப் படிக்கிறோம் என்ற தெளிவு ஏழைக்குத்தான் மிகுதியாகத் தேவை. தவறான வழியில் ஓராண்டு சென்று திரும்பும் செலவை அவன் குடும்பம் தாங்காது.

வாயில்களைத் திறக்க அரசு பல ஏற்பாடுகளைச் செய்துள்ளது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் வந்தது. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் அதே ஆண்டிலும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-லும் தொடங்கின. இவை போற்றத்தக்கவை. ஆயினும், திட்டம் கட்டணத்தைக் குறைக்கலாம்; பயிற்சியைத் தரலாம்; ‘நீ எதனை மதிக்கிறாய்?’ என்று ஒரு மாணவனின் அருகில் அமர்ந்து கேட்பது ஆசிரியரால் மட்டுமே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே நம் கல்லூரிக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, முதலாண்டில் சேரும் ஒவ்வோர் அறிவியல் மாணவரும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரட்டும்: உன் ஊரில் எந்தக் குறை உன்னை வருத்துகிறது? அதனைத் தீர்க்க எந்த அறிவு வேண்டும்? அந்த அறிவைப் பெற இந்த மூன்றாண்டில் நீ என்ன செய்வாய்? அத்தாளைத் துறையிலேயே வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பேராசிரியரும் மாணவரும் சேர்ந்து படித்துப் பார்க்கட்டும். விடை மாறலாம், மாறுவது வளர்ச்சியே.

இரண்டாவதாக, நம் கல்விச் சுற்றுலா உதகையோடும் ஏற்காட்டோடும் நின்றுவிட வேண்டாம். சர்க்கரை ஆலை, காகித ஆலை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சேலம் உருக்காலை, சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றுக்கும் போகட்டும். அங்கே வேலை செய்பவரிடம், ‘எவ்வளவு சம்பளம்?’ என்பதோடு, ‘எந்த வேலை உங்களுக்கு மனநிறைவு தந்தது? எதனைச் செய்ய மறுத்தீர்கள்?’ என்றும் நம் மாணவர்கள் கேட்கட்டும்.

மூன்றாவதாக, மேலே செல்லும் வழிகளைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் நிலையாக வைக்க வேண்டும். மேல்நிலையில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. பயிலலாம். பி.எட். முடித்து, நாம் படித்த பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியராகலாம். அதனினும் சிறந்த அறிவியற் பணி வேறு உண்டோ? இவ்வழிகள் மூன்றாம் ஆண்டின் இறுதியில் செவிவழிச் செய்தியாக வந்தால் பயனில்லை. முதலாண்டிலேயே தெரிய வேண்டும்.

நான்காவதாக, இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைகளுக்குப் பொருள் நம் மண்ணிலிருந்தே வரட்டும். ஒரு கிராமத்துக் கிணறுகளின் நீரைச் சோதித்து, அந்த ஊராட்சிக்கே முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் மாணவன், வேதியியலை ஒருநாளும் மறக்கமாட்டான். அவ்வூர் மக்களும் நம் கல்லூரியை மறக்கமாட்டார்கள்.

தோழர்களே! நமக்குக் கிடைக்காத இடத்தை எண்ணிக் கிடைத்த இடத்தை வீணாக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல் ஒரே ஒருமுறை அச்சாகிறது. அதனை இனி யாராலும் திருத்த முடியாது. எதனை மதித்து வாழ்வது என்ற முடிவோ ஒவ்வொரு நாளும் நம் கையிலேயே இருக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கட்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். விடை கிடைத்தவனுக்குப் பி.எஸ்ஸி.யும் பெரும்படிப்பே; விடை கிடைக்காதவனுக்கு எந்தப் பட்டமும் வெறுந்தாளே.